கண்ணோரக் கறையைக் கவனியுங்கள்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய விஷயம். ஆடு, மாடு, நாய் இவற்றின் கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்தில் இறங்கும் கண்ணீர்க் கறையைப் பற்றியே பேசப் போகிறேன். "மழை இல்லை, தீவனம் இல்லை என்று நாங்கள் தவிக்கிறோம், இவர் ஆட்டுக்கு முகம் கழுவச் சொல்ல வந்திருக்கிறாரே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைத்தால் தவறில்லை. நானும் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் அப்படித்தான் நினைத்தேன். அதனால் ஒரு கிடாயின் கண் போயிற்று. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நம் பகுதியில் பால்கன்னி ஆடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். உடல் கறுப்பு, முகத்தின் இரு பக்கமும் வெள்ளைக் கோடு. அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு நாள் துருப்பிடித்தாற்போல் செம்பழுப்புக் கறை தெரியும். அதே கறை ராஜபாளையம் நாயின் வெள்ளை முகத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். முழுக் கறுப்பு ஆட்டிலோ, செவலை மாட்டிலோ கண்ணுக்குத் தெரியாது. தடவிப் பார்த்தால்தான் மயிர் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும். ஆகவே வெள்ளை முகத்தில் மட்டுமே இது வருகிறது என்று எண்ண வேண்டாம். வெள்ளை முகம் நமக்குக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே.

கறை எதனால் உண்டாகிறது என்பதை முதலில் தெரிந்து கொள்வோம். கண்ணின் மேற்புறத்தில், வெளிமூலைப் பக்கமாக, கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. அது ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாக நீரைச் சுரந்து கண்ணைக் கழுவிக்கொண்டே இருக்கும். கழுவிய நீர் வெளியே வழியாமல், உள்மூலையில் இமை ஓரத்தில் உள்ள இரண்டு நுண்ணிய துளைகள் வழியாக இறங்கி, ஒரு சிறு குழாய் மூலம் மூக்கினுள் போய்ச் சேரும். நாம் அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். வயலுக்கு வாய்க்காலும் வடிகாலும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. வாய்க்காலில் தண்ணீர் அளவுக்கு மீறி வந்தாலும் வரப்பு உடையும். வடிகால் அடைத்துக்கொண்டாலும் வரப்பு உடையும். கண்ணிலும் அப்படியே. உறுத்தல் ஏற்பட்டு நீர் அதிகம் சுரந்தாலும், குழாய் அடைபட்டாலும் கண்ணீர் கன்னத்தில் வழியும்.

வழிந்த கண்ணீரில் போர்பைரின் என்ற பொருள் சிறிதளவு கலந்திருக்கிறது. இரத்தத்தின் சிவப்பு நிறத்தோடு உறவுள்ள பொருள் அது. காற்றும் வெளிச்சமும் பட்டுக் காய்ந்தால் செம்பழுப்பாக மயிரில் பிடித்துக்கொள்ளும். மயிர் எந்நேரமும் ஈரமாக இருந்தால் அங்கே நுண்கிருமிகளும் காளான் வகைகளும் வளர்ந்து நாற்றம் எடுக்கும், தோல் புண்ணாகும், ஈ மொய்க்கும். கறை தானாக ஒரு நோயன்று. உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்ல வந்த தபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தபாலைத் துடைத்துவிட்டுப் படிக்காமல் விடக்கூடாது.

அந்தக் கிடாயின் கதை

திருச்சுழிக்கு அப்பால், குண்டாற்றுக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாயார் நல்ல பால்கன்னிக் கிடாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பக்ரீத்துக்கு விற்று, மகளின் படிப்புக்குப் பணம் கட்டுவதாக இருந்தார். கிடாயின் இடது கண்ணில் நீர் வடிந்து வெள்ளைக் கோடு பழுப்பேறியிருந்தது. நான் கண்ணைக் கழுவினேன். களிம்பு போட்டேன். "ஒரு வாரம் கழித்து வாருங்கள் அம்மா" என்று அனுப்பிவிட்டேன். கூட்டம் அதிகம் என்பது அப்போது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தபோது கண் முழுதும் வெள்ளையாக இருந்தது. நடுவில் சிறு குழி. "தம்பி, நீங்க மருந்து போட்டீகளே, பெறகு ஏன் இப்படிப் பூ விழுந்துச்சு?" என்று கேட்டார். கோபம் இல்லாமல்தான் கேட்டார். அதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. உணர்ச்சி மரக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாவது இமையைத் தூக்கிப் பார்த்தேன். அதன் அடியில் சீமைக் கருவேல் முள்ளின் நுனி, எள்ளளவு, குத்தி நின்றது. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அந்த முள் கருவிழியைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் முதல் நாளே தூக்கிப் பார்த்திருந்தால் எடுத்திருக்கலாம். கண் உடைந்து போயிற்று. ஒரு கண் தெளிவாகக் குருடான ஆட்டைக் குர்பானிக்கு ஏற்க மாட்டார்கள். நம் கோயில்களிலும் ஊனமுள்ள கிடாயை நேர்த்திக்கு வெட்டுவதில்லை. கசாப்புக்குத்தான் போயிற்று, எதிர்பார்த்த விலையில் பாதிகூட வரவில்லை.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் நம்மைப் போல் இரண்டு இமை மட்டும் அல்ல, உள்மூலையிலிருந்து குறுக்கே வந்து கண்ணை மூடும் மூன்றாவது இமை ஒன்று உண்டு. தூசி, முள், ஊசிப்புல்லின் மயிர், கூளம் எல்லாம் போய் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தால், வேறு எதையும் நினைப்பதற்கு முன் உள்ளே ஏதோ விழுந்திருக்கிறது என்று நினையுங்கள். இரண்டு கண்ணிலும் வடிந்தால் தூசி, புகை, ஈ, உடம்பு நோய், தீவனக் குறை என்ற பக்கம் யோசிக்க வேண்டும். இந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கொட்டிலில் நின்று யோசிப்பதற்கு இது போதும்.

நம் சீமையின் கண்ணுறுத்தல்கள்

நம்முடையது கரிசல் பூமி, வானம் பார்த்த பூமி. ஆடி மாதக் காற்றில் பறக்கும் புழுதியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் புல் காய்ந்துவிட்டால் வெள்ளாடு கருவேல் புதருக்குள் தலையை நுழைத்து நெற்றைத் தேடும். அப்போதுதான் முள் குத்துகிறது. குதிரைவாலி, சோளம், கம்பு அடிக்கும் களத்தின் காற்றுக் கீழ்ப்பக்கம் ஆட்டைக் கட்டியிருந்தால் உமித் தூசி முழுவதும் அதன் கண்ணில்தான். முண்டு வற்றல் காயப் போட்ட களத்தருகில் கட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரிமூட்டம் போடும் ஊர்களில் மூட்டத்துக்குப் பக்கத்தில் கிடை போடுகிறார்கள். இரவு முழுவதும் புகை. இவை எல்லாம் இடத்தை மாற்றிக் கட்டினால் செலவில்லாமல் தீரக்கூடியவை.

இன்னொன்று, நல்ல எண்ணத்தோடு நாமே செய்வது. கொசுவுக்காகச் சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுகிறோம். கொட்டிலுக்குள்ளேயே போட்டு, கதவையும் சாத்திவிட்டால் கொசுவைவிட ஆட்டுக்கு அதிகத் துன்பம். வெளியே, காற்று வரும் பக்கத்தில் சற்றுத் தூரத்தில் போடுங்கள். மெல்லிய புகை உள்ளே வந்து வெளியேறினால் போதும்.

மூத்திர நெடியும் அப்படியே. காலையில் கொட்டிலைத் திறந்தவுடன் நின்றபடி மூச்சிழுத்துப் பார்த்தால் தெரியாது. குனிந்து, குட்டியின் தலை இருக்கும் உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதன் கண்ணும் எரிகிறது. தரையைக் கூட்டிக் காயவைத்து, காய்ந்த மணலோ கூளமோ போட்டு, சுவரின் மேற்பக்கத்தில் காற்று போக இடம் விடுங்கள். கூரை போட்ட காலத்தில் இருந்த காற்றோட்டம், தகரம் போட்டு நான்கு பக்கமும் அடைத்த பிறகு பல வீடுகளில் இல்லை.

அடுத்தது ஈ. மழை விழுந்த ஐப்பசி, கார்த்திகையில் சாணிக்குழியைச் சுற்றி ஈ பெருகும். ஈ கண்ணீரைக் குடிக்க வரும். ஒரு மாட்டின் கண்ணிலிருந்து அடுத்த மாட்டின் கண்ணுக்குக் கிருமியைக் காலில் ஒட்டிக் கொண்டுபோகும். மாடுகளில் வரும் தொற்றுக் கண்நோய்க்குக் காரணம் மொராக்செல்லா என்ற நுண்கிருமி. வெள்ளாடு, செம்மறியில் அதே போன்ற நோயை மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா என்ற வேறு கிருமிகள் உண்டாக்குகின்றன. முதலில் நீர் வடியும், வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இடுக்கும். பிறகு கண் சிவந்து, கருவிழி பால் போல் வெளுக்கும். ஒரு ஆட்டில் தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் கிடை முழுவதும் பரவிவிடும். பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடுகின்றன; வெளுத்த கண்ணும் தெளிகிறது. ஆனால் அந்த இரண்டு வாரம் இரு கண்ணும் தெரியாத ஆடு மேய்ச்சலுக்குப் போனால் என்ன ஆகும்? நம் பகுதியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எத்தனை! நோயால் சாகாத ஆடு கிணற்றில் விழுந்து சாகிறது. கண் வெளுத்த ஆட்டைத் தனியே நிழலில் கட்டி, தீவனமும் தண்ணீரும் வாயருகே வையுங்கள். தண்ணீர்த் தொட்டியை நகர்த்தாதீர்கள். பார்வை போன ஆடு இடத்தை நினைவில் வைத்துத்தான் தேடி வரும்.

ஈ கொண்டுவரும் இன்னொரு பொருள் கண்புழு. தெலேசியா என்று பெயர். வெள்ளை நூல் போல, இமைக்கு அடியில் நெளியும். மாட்டிலும் எருமையிலும் சில வேளை காண்போம். கண்டால் குச்சியால் எடுக்க முயல வேண்டாம், மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.

பச்சை இல்லாத காலம்

மழை தவறிய ஆண்டில் ஒரு கண்நோயும் இல்லாமலே கண்ணீர் வடிவதைப் பார்த்திருப்பீர்கள். இது பட்டினியின் ஒரு வகை. உயிர்ச்சத்து 'ஏ' குறைந்தால் கண்ணின் மேற்பரப்பு காய்ந்து தடிக்கும். கண்ணீர் வடியும், மாலை மயங்கினால் கண் தெரியாது. பச்சைத் தீவனத்தில் கரோட்டின் என்ற மஞ்சள் சத்து இருக்கிறது. உடம்பு அதை உயிர்ச்சத்து 'ஏ' ஆக மாற்றிக் கல்லீரலில் சேமித்து வைக்கிறது. வெயிலில் காய்ந்து, படப்பில் கிடந்து வெளுத்த சோளத் தட்டையில் அந்தச் சத்து ஏறக்குறைய இல்லை. சேமிப்பு சில மாதங்களுக்குத்தான் தாங்கும். மாசியில் புல் காய்ந்தால் ஆடி, ஆவணியில் குறை தலைகாட்டுவது இதனால்தான். சினை மாட்டுக்குக் குறைந்தால் கன்று குருடாகவோ, வலுவில்லாமலோ பிறக்கலாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகு, ஆடு வழக்கமாக வரும் வழியில் ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள். கண் தெரிகிற ஆடு ஒதுங்கிப் போகும். மாலைக்கண் வந்த ஆடு முட்டிக்கொள்ளும்.

இதற்குக் கண்ணில் போடும் மருந்து எதுவும் உதவாது, வாயில் போடுவதுதான் உதவும். வரப்பிலும் கிணற்றடியிலும் நாலு அகத்தி, நாலு கல்யாண முருங்கை, வேலியில் கிளுவை, மானாவாரி நிலத்தின் ஓரத்தில் வேலிமசால், வாகை இருந்தால் கோடையில் தினம் ஒரு கைப்பிடிப் பச்சை கிடைக்கும். முருங்கைக் கீரை மிக நல்லது. சூபாபுல் கொடுப்பவர்கள் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். அதில் உள்ள நச்சுப் பொருளால் மயிர் கொட்டும். இப்போது நம் பகுதியில் மஞ்சள் மக்காச்சோளம் நிறைய விளைகிறதே, அதிலும் ஓரளவு இந்தச் சத்து உண்டு. வெள்ளைச் சோளத்தில் அந்த அளவுக்கு இல்லை. மாலைக்கண் வந்துவிட்டால் மருத்துவர் உயிர்ச்சத்து ஊசியோ எண்ணெயோ தருவார். அளவு மீறினாலும் கெடுதல் என்பதால் நீங்களாகக் கடையில் வாங்கி ஊற்ற வேண்டாம்.

கண்ணோடு காய்ச்சலும் இருந்தால்

கண்ணீர் வடியும் ஆடு தீனி எடுக்காமல், காய்ச்சலோடு, மூக்கும் ஒழுகி நின்றால் அது கண்நோய் அல்ல. முதல் இரண்டு நாள் தெளிவான நீராக வடிந்து, பிறகு கெட்டியாகி இமை ஒட்டிக்கொண்டால், வாயில் புண்ணும் துர்நாற்றமும் கழிச்சலும் சேர்ந்தால் அது ஆட்டுக்கொல்லி நோய். ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்டில் 1942-இல் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான்: 1987-இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த அரசூர்க் கிருமியைக் கொண்டே நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார்கள். ஒரு முறை போட்டால் சுமார் மூன்று ஆண்டு தாங்கும். குட்டிக்கு நான்கு மாதம் ஆனதும் போட்டுவிடுங்கள். கண் கழுவிக்கொண்டு நாளைக் கடத்தினால் இந்த நோயில் கிடையே காலியாகிவிடும். செம்மறிகளில் நீல நாக்கு நோயும் வடகிழக்குப் பருவ மழையோடு வரும். அதிலும் கண்ணும் மூக்கும் ஒழுகும், முகம் வீங்கும், கால் நொண்டும். கலப்பினப் பசுவுக்கு உண்ணி மூலம் வரும் தைலேரியா நோயில் கண்ணீரோடு தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டி வீங்கியிருக்கும். தடவிப் பார்த்தால் கையில் படும்.

நாயைப் பற்றி

வீட்டு நாயைப் பற்றிப் பேசுவது விவசாயிக்கு எதற்கு என்று கேட்க மாட்டீர்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் மாவட்டத்துப் பெயர்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். குட்டியை வளர்த்து விற்று வருமானம் பார்ப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். வெள்ளைக் குட்டியின் முகத்தில் கறை இருந்தால் வாங்க வந்தவர் விலையைக் குறைக்கிறார். அதனால் கறையை எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்ற அவசரம் வருகிறது. அந்த அவசரத்தில்தான் தவறு நடக்கிறது.

நீண்ட முகமுள்ள நம் நாட்டு நாய்களுக்குக் கண்ணீர் வடிகால் பொதுவாக நன்றாக வேலை செய்யும். ஆகவே ராஜபாளையத்துக்குக் கறை விழுந்தால் காரணம் தேடுங்கள்: இமை உள்பக்கமாக மடிந்து மயிர் உறுத்துகிறதா, புல்லின் முள் போயிருக்கிறதா, உண்ணிக் காய்ச்சலா? பிள்ளைகள் பட்டணத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் சப்பை மூக்கு 'பக்' நாய்க்கும் சடைப் பொமரேனியனுக்கும் கறை சகஜம். முகத்தின் அமைப்பும் கண்ணோர மயிரும் அப்படி. அவற்றுக்குத் தினமும் துடைப்பது ஒன்றே வழி. குட்டி நாய்க்குக் கண்ணில் பீளை தள்ளி, மூக்கு ஒழுகி, இருமலும் இருந்தால் டிஸ்டெம்பராக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளை அது கொண்டுபோய்விடும். ஒரு எச்சரிக்கை: நாய் திடீரென்று குணம் மாறி, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் நின்றால் முகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டு போகாதீர்கள். வெறிநோயாக இருக்கக்கூடும்.

உப்புத் தண்ணீர் குடிப்பதால்தான் கறை வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் உவர்ப்புத்தான். ஆனால் நான் பார்த்த அளவில், அதே தண்ணீரைக் குடிக்கும் நான்கு நாய்களில் ஒன்றுக்குத்தான் கறை இருக்கிறது. தண்ணீரின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்காமல் விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

கறையைப் போக்குவதற்கென்று தீனியில் கலக்கும் பொடிகள் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றில் டைலோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இருந்தது; மாட்டுக்கும் கோழிக்கும் நோய்க்குத் தரும் மருந்து அது. 2014-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அப்படிப்பட்ட பொடிகளை அனுமதியின்றி விற்றவர்களை எச்சரித்தது. முக அழகுக்காக மாதக்கணக்கில் அந்த மருந்தைக் கொடுத்தால், உண்மையில் நோய் வரும்போது மருந்து வேலை செய்யாது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்க வைப்பதும் அப்படியே ஆபத்தானது; ஒரு சொட்டு கண்ணில் பட்டால் புண்.

எப்படித் துடைப்பது

முதலில் நீர். குடிக்கிற நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்துப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். அதில் 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு போட்டுக் கரைத்து, மூடி ஆறவிடுங்கள். கண்ணீரின் உப்பு அளவும் ஏறக்குறைய இதுதான், ஆகவே எரியாது. உவர்க் கிணற்று நீரில் மறுபடியும் உப்புப் போட்டால் எரியும், அதனால்தான் நல்ல தண்ணீர் என்றேன். அன்றைக்குச் செய்தது அன்றைக்கே, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். ஆட்டைச் சுவரோரம் பின்பக்கம் மூலையில் முட்டும்படி நிறுத்தி, ஒருவர் தாடையைத் தாங்கிப் பிடித்தால் துள்ளாது. மாட்டை மூக்கணாங்கயிற்றோடு தூணில் குட்டையாகக் கட்டுங்கள். காய்ந்த பீளையைப் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த பஞ்சையோ வெள்ளை வேட்டித் துணியையோ இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வைத்தால் தானாக ஊறி வரும். பிறகு கண்ணை ஒட்டி அழுத்தாமல், மயிர் போகும் திசையில் கீழ்நோக்கித் துடையுங்கள். ஒரு கண்ணுக்குத் தொட்ட பஞ்சு மறு கண்ணுக்கு ஆகாது. ஒரு ஆட்டுக்குத் தொட்டது அடுத்த ஆட்டுக்கு ஆகவே ஆகாது. கிடை முழுவதையும் ஒரே துணியால் துடைத்து, ஈ செய்ய வேண்டிய வேலையைத் தாமே செய்து முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே தூசி இருப்பதாகத் தோன்றினால் ஊசி கழற்றிய புதுச் சிரிஞ்சில் இந்த நீரை எடுத்து, பக்கவாட்டிலிருந்து மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். உமி, புழுதி வந்துவிடும். முள் கருவிழியில் குத்தி நின்றால் மட்டும் இழுக்காதீர்கள்; இழுத்தால் உள்நீர் ஒழுகிக் கண் சுருங்கிவிடும். கண்ணை மறைத்து நெற்றியில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, அன்றே மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள்.

துடைத்த பிறகு காய்ந்த துணியால் ஒற்றி ஈரத்தை எடுப்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஈரம் நின்றால் கறை மறுபடியும் வரும், புண்ணும் வரும். சடை நாய்க்குக் கண்ணோர மயிரை மழுங்கிய நுனிக் கத்தரியால் குறைக்கலாம். கன்னத்தில், கண்ணுக்குள் போகாதபடி, சிறிது வாஸ்லின் தடவினால் கண்ணீர் தோலில் ஊறாமல் வழிந்து போகும். ஏற்கெனவே பிடித்த கறை எந்தத் துடைப்புக்கும் முழுவதும் போகாது. அந்த மயிர் உதிர்ந்து புது மயிர் வரும்வரை பொறுக்க வேண்டும். தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

கைவைத்தியம் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். கண்ணில் பூ விழுந்தால் புகையிலைச் சாற்றை உமிழ்வது, உப்பைப் பொடித்து ஊதுவது, சுண்ணாம்பு தடவுவது இன்னும் நடக்கிறது. பூ விழுந்த கண் இரண்டு மூன்று வாரத்தில் தானாகத் தெளிவதுண்டு என்று முன்பே சொன்னேன் அல்லவா? அந்தத் தெளிவின் பெயர் புகையிலைக்குப் போய்விட்டது. உண்மையில் அது புண்ணின் மேல் புண். சுண்ணாம்பு கருவிழியை அரித்தே விடும். பெரியவர்களின் கைவைத்தியத்தில் நான் மதிப்பவை பல உண்டு. வயிற்று உப்புசத்துக்கும் செரிமானத்துக்கும் அவர்கள் சொல்வதை நானே சில வேளை சொல்கிறேன். கண்ணில் மட்டும் வேண்டாம்.

மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் கண் சொட்டு மருந்தை வாங்கி விடுவதும் இப்போது பெருகிவிட்டது. அவற்றில் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். விட்டவுடன் சிவப்பு குறையும், ஆடு கண் திறக்கும். குணமாகிவிட்டது என்று மகிழ்வோம். கருவிழியில் புண் இருந்தால் அந்த மருந்து புண் ஆறாமல் தடுத்து, கண்ணை உடைத்துவிடும். மருத்துவர் ஒரு சிறு ஆரஞ்சு நிறத் தாளைக் கண்ணில் தொட்டுப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். அதைப் பார்த்த பிறகே எந்த மருந்து என்று முடிவு செய்கிறோம். அந்தத் தாளைத் தொடாமல் யாராவது ஸ்டீராய்டு எழுதினால், நானாகவே இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள்.

கண்ணை இடுக்கி மூடியிருந்தாலும், கருவிழி வெளுத்தாலும், பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலும், மாட்டின் மூன்றாவது இமையில் சதை வளர்ந்தாலும் ஒரு நாளுக்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். மருந்தகம் தூரமென்றால் 1962 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நடமாடும் மருத்துவ வண்டி வரும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது, கிடாயை அறுக்கக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. வெளியே வேப்ப மரத்தடியில் எட்டு ஆடுகளும் இரண்டு நாய்களும் கட்டியிருப்பதைப் பார்த்தேன். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடியும் ஆட்டைக் கொண்டு வந்தவர்கள் முதலில் வாருங்கள். மூன்றாவது இமையைத் தூக்கிப் பார்த்துவிடுவோம். மற்றவர்கள் சற்றுப் பொறுத்திருங்கள்.